சிவப்பு முனை பார்த்த பக்கம்

ஓசூர் சிப்காட்டில் பரமசிவம் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: 'அர்த்தம்' அண்ணன். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால் போதும், "அர்த்தத்தைக் கூப்பிடுங்கடி" என்று லைனில் ஒரு குரல் எழும். பி.எஃப். சீட்டு, விடுப்பு விண்ணப்பம், மெஷின் திரையில் மின்னும் எச்சரிக்கை, எதுவானாலும் அவரிடம்தான் வரும். அவர் கண்ணாடியை மாட்டி, முதலில் தனக்குள் ஒரு சிரிப்புச் சிரித்து, பிறகு அர்த்தம் சொல்வார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் ஓசூர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியபோது, ஒருவன் கன்னடத்தில் வழி கேட்டான், இன்னொருவன் தெலுங்கில் திட்டினான். இரண்டும் புரியாமல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், இரண்டே வருடத்தில் இரண்டு பாஷையிலும் திருப்பித் திட்டக் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் மெஷினோடு வரும் புத்தகங்களிலிருந்து வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தெரிந்ததைப் பற்றி அவருக்கு ஒரு மிதப்பு. இன்று வயது நாற்பத்தெட்டு. லைன் லீடர். கீழே இருபத்து மூன்று பெண்கள், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளிகள்.

அங்கே செய்வது சின்னப் பொருள். மின்சார ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டில் போகும் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம், அவ்வளவுதான். ஸ்டாண்டைக் கீழே தள்ளினால் அந்தக் காந்தம் வண்டியில் இருக்கும் சென்சாருக்கு எதிரே வரும், வண்டி கிளம்பாது. ஆனால் அந்தச் சென்சார் ஒரு பிடிவாதக்காரி. காந்தத்தின் தென்முனை வந்தால்தான் மதிப்பாள். வடமுனையைக் காட்டினால் ஆள் வந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆகவே காந்தத்தின் வடமுனைப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருக்கும். பொட்டு உள்ளே போகும்படி வைத்து அழுத்திவிட்டால் தென்முனை வெளியே பார்க்கும். பொட்டோடுதான் காந்தம் வரும், யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் புது இடத்திலிருந்து காந்தம் வந்தது. பொட்டு இல்லை. மொட்டையாக, வெள்ளி வெள்ளியாகக் கொட்டிக் கிடந்தன. இனிமேல் ஒவ்வொன்றையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முள் எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, நாமே பொட்டு வைக்க வேண்டும். எப்படி வைப்பது என்று இளம் இன்ஜினியர் ஜெகதீஷ் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தான். அதன் சாரம் இது: முள்ளின் சிவப்பு முனையை இழுக்கும் பக்கம் தெற்கு, அதற்கு எதிர்ப் பக்கத்தில் பொட்டு வை.

பரமசிவம் படித்தார். வழக்கமான அந்தச் சிரிப்பு வந்தது.

"பாருங்க கூத்தை. சிவப்பு முள்ளு தெக்கைப் பாக்குமாம்! இன்ஜினியருக்குப் படிச்சு என்ன செய்ய?"

சும்மா சொல்லவில்லை, சோதித்தும் பார்த்தார். திசைகாட்டியை மேசையில் வைத்தார். முள் ஆடி அடங்கி, சிவப்பு முனை கர்நாடக எல்லைப் பக்கம் பார்த்து நின்றது. வடக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. பையன் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டான், நாமே திருத்திவிட்டால் அவன் மானமும் போகாது என்று நினைத்துக்கொண்டார். பெரிய எழுத்தில், மார்க்கர் பேனாவால், தமிழில் எழுதினார்: 'சிவப்பு முனை பார்க்கும் பக்கம் வடக்கு. அங்கே பொட்டு வை.' எழுதிய தாளை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஆங்கிலத் தாள் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பொட்டு வைக்க அந்த மேசையில் உட்கார்ந்தவள் முனிலட்சுமி. தொரப்பள்ளிப் பக்கத்துக் குடியிருப்பு. அப்பா கரியப்பன் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பிளஸ் டூ தேறி, கம்பெனி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அந்த வீட்டில் இவள்தான். ஒப்பந்தக்காரரின் ஆள் திம்மராயனிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டதே பரமசிவம்தான். அவளுக்கு வாய் திறந்தால் அண்ணாதான்.

மூன்றாம் நாள் அவள் இரண்டு காந்தங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று பழைய சரக்கு, பொட்டோடு வந்தது. மற்றது அவள் பொட்டு வைத்தது.

"அண்ணா, பொட்டும் பொட்டும் ஒட்டிக்குது பாருங்க. ஒரே முனைன்னா தள்ளணும் இல்லீங்ளாண்ணா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுற்றிலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தம் சொல்லும் ஆளுக்கு நேற்று வந்த பிள்ளை அர்த்தம் சொல்வதா?

"பழைய சரக்குல அவன் தப்பா வச்சிருப்பான். செவுத்துல என்ன எழுதியிருக்கோ அதச் செய்யி தாயி. திசைகாட்டிய விட நீ பெரிய ஆளா?"

பெண்கள் சிரித்தார்கள். முனிலட்சுமியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்றும் அடுத்த பதினான்கு நாட்களும் பொட்டு வைத்தாள். வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாள்.

ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு புதன்கிழமை காலையில் தகவல் வந்தது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கிறது. சோதனைக்கு ஓட்டியவர் திருப்பத்தில் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறார். அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வருகிறது.

ஜெகதீஷ் பரமசிவத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் திசைகாட்டியும் காந்தங்களும் இருந்தன. அவனுக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"அண்ணா, பொட்டு எல்லாமே தலைகீழா இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே. எப்டின்னுதான் புரியல. இந்த முள்ளும் ஒரு காந்தம்தானே? வடக்கப் போற முனைக்கு வடமுனைன்னு பேரு வச்சிருக்கோம். எதிரெதிர் முனைதானே இழுக்கும்? அப்ப இதோட வடமுனைய இழுக்கறது தெற்காத்தானே இருக்கணும்?"

பரமசிவம் மெதுவாகக் கேட்டார். "அப்ப பூமியோட வடக்கு, சார்?"

"அதே கதைதாண்ணா. பூமியும் ஒரு பெரிய காந்தம் மாதிரிதான். ஆனா வடக்க இருக்கறது அதோட தென்முனை. அதனாலதான் முள்ளோட வடமுனை அந்தப் பக்கம் ஓடுது. அது சரியா உச்சியில கூட இல்ல, கொஞ்சம் தள்ளி, வருஷா வருஷம் நகந்துட்டே இருக்கு. நாம திசைக்கு வச்ச பேரையும் காந்தத்துக்கு வச்ச பேரையும் போட்டுக் குழப்பிக்கறோம். இதுக்காகத்தானே தாள்ல அவ்ளோ தெளிவா எழுதுனேன்!"

பரமசிவத்துக்கு இப்போது விளங்கியது. திசைகாட்டி அவரிடம் பொய் சொல்லவில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார், அது சரியாகத்தான் காட்டியது. காந்தத்தின் எந்தப் பக்கம் வடமுனை என்பது வேறு கேள்வி. ஒரு கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு கேள்விக்கு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். அந்தப் பெண் காந்தத்தைக் கையில் கொண்டுவந்து காட்டியும் அதை உரிக்கவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தப்பு எல்லோரும் செய்வதுதான். ஜெகதீஷ் நல்ல பையன், இரண்டு நாள் சத்தம் போட்டுவிட்டு விட்டிருப்பான். ஆனால் பரமசிவம், "லைனைப் பாத்துட்டு வரேன் சார்" என்று எழுந்தார். டீ நேரம். மேசையில் யாரும் இல்லை. தாளை உரித்து, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார்.

அரை மணி நேரத்தில் மேனேஜர், ஜெகதீஷ், திம்மராயன் மூவரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். பதிவேட்டில் பதினேழு நாளும் முனிலட்சுமியின் கையெழுத்து.

"செவுத்துல எழுதியிருந்த மாதிரிதான் சார் செஞ்சேன்" என்றாள் அவள்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். மேனேஜர் திரும்பினார். "பரமசிவம், இங்க எதாவது ஒட்டியிருந்துச்சா?"

"இல்ல சார்."

இரண்டே சொல். சொல்லும்போது நாக்குக்கூடத் தடுக்கவில்லை, அதுதான் பின்னால் அவரை அதிகம் சுட்டது. முனிலட்சுமி அவரைப் பார்த்தாள். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலையில் அவளுடைய கேட் பாஸைத் திம்மராயன் வாங்கிக்கொண்டான். தன் பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு, தரக்கேடு' என்று எழுதினான். திம்மராயனின் முதலாளி அந்த வட்டாரத்தில் பாதிக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். அந்த ஒரு வரி இருக்கும்வரை அவளுக்கு எந்தக் கேட்டும் திறக்காது.

அடுத்து ஏழு மாதம். வேலை நடந்தது, சம்பளம் வந்தது, பரமசிவமும் லைன் லீடராகவே இருந்தார். பாகலூர் சாலையில் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரத்தில் முனிலட்சுமி பூ வெட்டப் போகிறாள் என்று காதில் விழுந்தது. ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தாள். நாற்பத்தெட்டு வயது ஆள், கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பஸ் நகர்ந்ததும், வேறு பஸ் தேடிப் போய் ஒளிந்தார். லைனில் யாராவது ஆங்கிலத் தாளை நீட்டினால், "கண்ணாடி கொண்டுவரல" என்பார், கண்ணாடி மூக்கில் இருக்கும்போதே.

மனைவி கருப்பாயி கவனிக்காமல் இருப்பாளா? சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்திருக்கும் ஆளை எத்தனை நாள்தான் விட்டுவைப்பாள்? ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டை நகர்த்த விடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். தாளை மடித்ததையும், 'இல்ல சார்' என்றதையும்.

கருப்பாயி தட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம வினிதா நாளைக்கு இன்ஜினியராகி இப்படி ஒருத்தன்கிட்ட வேலைக்குப் போவா. அவளுக்கு இதச் செஞ்சா சும்மா இருப்பீகளா? சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிறீக?"

பர்கூரில் படிக்கும் மகளின் பெயரைக் கேட்டதும் அவருக்குத் தலை கவிழ்ந்தது. வெட்கம் என்ற சொல்லுக்கு அவருக்கு நான்கு பாஷையில் அர்த்தம் தெரியும். ஒரு பாஷையிலும் அதற்குமுன் அவர் அதை அனுபவித்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொரப்பள்ளிக்குப் போனார். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் கரியப்பன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ஆளை அடையாளம் தெரிந்ததும் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே ஓடி நாற்காலி எடுத்து வந்து போட்டார். பரமசிவம் உட்காரவில்லை. உட்காராததைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார் கரியப்பன். கை கூப்பினார்.

"சாரு, எம்பொண்ணு செஞ்சது தப்புத்தாங்க. நீங்க நம்பிச் சேத்துவுட்டீங்க, உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டா. ஏழு மாசமா நானும் திட்டாத நாளில்ல. சின்னப் பொண்ணுங்க, புத்தியில்ல. நீங்க மன்னிச்சு மறுபடியும் சேத்துக்கணும்ங்க."

அந்தக் கூப்பிய கையைப் பார்த்தபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது பரமசிவத்துக்கு. தன் தப்புக்கு இன்னொருத்தன் தன்னிடமே மன்னிப்புக் கேட்பதைப் போல ஒரு தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்க முடியாது. கதவருகே முனிலட்சுமி வந்து நின்றாள்.

"ஐயா, கையை இறக்குங்க" என்றார் பரமசிவம். "தப்பு உங்க பொண்ணு செய்யல. நான் செஞ்சேன். தப்பா எழுதி ஒட்டுனது நான். அவ வந்து கேட்டா, நான்தான் வாயை அடைச்சேன். ஆபீசர் கேட்டப்ப, ஒட்டவே இல்லைன்னு பொய்யும் சொன்னேன்."

கரியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பரமசிவத்தைப் பார்க்கவில்லை, மகளைத் திரும்பிப் பார்த்தார். ஏழு மாதமாகத் திட்டிய அப்பாவின் முகம் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

"நீங்க தாளை உரிச்சத நான் பாத்தேன்" என்றாள் முனிலட்சுமி. "தண்ணி புடிக்கத் திரும்பி வந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். மூணு நாளு கேட்டுக்கு வெளிய வந்து நின்னேன். நீங்க வண்டியில போனீங்க, வந்தீங்க."

அவர் பார்த்திருந்தார். மூன்று நாளும் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போயிருந்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"மன்னிப்ப வச்சிகினு நான் என்ன பண்றதுங்க சார்? எம்பேருக்கு நேரா ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க. அத அடிக்கறதுன்னா அடிங்க. இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது?"

அண்ணா சார் ஆகிவிட்டதை அவர் கவனித்தார். அவள் வேண்டுமென்றே சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை காலை. ஷிஃப்ட் தொடங்குமுன் லைனில் ஐந்து நிமிடக் கூட்டம் நடக்கும். எத்தனை உருப்படி, எத்தனை கழிவு என்று சொல்லிவிட்டு, கடைசியில் மேனேஜர் ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்காவது எதாவது சொல்லணுமா?" சாதாரணமாக யாரும் எதுவும் சொல்வதில்லை. அன்று பரமசிவம் ஒரு அடி முன்னால் வந்தார். தாளில் என்ன எழுதினார், ஏன் எழுதினார், முனிலட்சுமி வந்து கேட்டபோது என்ன சொன்னார், எப்போது உரித்தார் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் கையைக் காட்டி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

அங்கே எல்லாம் மளமளவென்று நடந்தது. நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைன் லீடர் பொறுப்பு போயிற்று. பதினைந்து நாள் சஸ்பென்ஷன், அதற்குமேல் விசாரணை. அது அவருக்கு உறைக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு பேருல இருக்க வரி, சார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். திம்மராயன் வரவழைக்கப்பட்டான். அவன் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி பேரேட்டைப் புரட்டினான். அந்த வரியை அடித்து, 'இவர் மீது தவறில்லை' என்று எழுதினான். மேனேஜர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரிலும் மாற்றியதைப் பரமசிவம் கூடவே நின்று பார்த்தார். முனிலட்சுமிக்கு ஃபோன் போயிற்று. இங்கே திரும்பி வர அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு கம்பெனி என்றால் நாளைக்கே வருகிறேன் என்றாள். சரி என்றார்கள்.

மதியம் சாப்பாட்டுப் பையை எடுக்க அவர் கேன்டீனுக்குப் போனபோது, ஏழு மாதம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது போல் இருந்தது. ஏளனமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் உள்ளே நுழைந்தார். ஆனால் லைன் பெண்கள் யாரும் திடுக்கிட்ட மாதிரியே இல்லை. மூத்தவளான மாதேஸ்வரி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காந்து சாப்புட்டுப் போங்கண்ணா."

"உங்களுக்கெல்லாம் என்னைப் பாத்தா அசிங்கமா இல்லையா மாதேஸ்வரி?"

அவள் டப்பாவை மூடினாள். "இன்னிக்குப் புதுசா என்னாங்ணா இருக்குது? அந்தத் தாளு பதினெட்டு நாளு செவுத்துல இருந்துச்சு. தண்ணி குடிக்கப் போறப்ப வரப்ப எல்லாரும் படிச்சோம். ஒங்க எழுத்து எங்களுக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் பரமசிவம், அதுவும் சோறு தின்கிற இருபத்திரண்டு பேருக்கு முன்னால்.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா எங்க வேலையும் போயிரும்னு மொதல்ல பயம். அப்புறம் ரெண்டு மூணு பேரு சொல்லிரலாம்னுதான் போனோம். முனிலட்சுமிதான் வேணாம்னுட்டா. 'அண்ணன் நல்லவருக்கா, அவரே சொல்லுவாரு, நீங்க போயி அவர அசிங்கப்படுத்தாதீங்க'ன்னா. தெனமும் காலையில மேனேஜர் கேப்பாரு இல்ல, யாருக்காவது எதாவது சொல்லணுமான்னு? அப்ப நாங்க அத்தன பேரும் ஒங்க மூஞ்சியத்தான் பாப்போம். ராத்திரி ஃபோன் பண்ணுவா. 'இன்னிக்குச் சொன்னாராக்கா?'ம்பா. இல்லடின்னு சொல்லுவோம். ரெண்டு மாசம் கேட்டா. அப்புறம் கேக்கறத வுட்டுட்டா."

ஏழு மாதமாகத் தினம் காலையில் தன்னையே பார்த்து நின்ற அந்த முகங்களை அவர் நினைத்துப் பார்த்தார். வேலை சொல்லக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும், "போங்க, போயி வேலையைப் பாருங்க" என்று விரட்டியிருக்கிறார்.